மேனேஜர் ஏன் கேரமில் தோற்பதில்லை?

கேள்வி: மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேனேஜர் இரண்டு நாள் 'எமோஷனல் இன்டெலிஜென்ஸ்' வகுப்புக்குப் போய்வந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் தோளில் கைபோட்டு, "மனசு எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார். ஷெட்டில் கேரம் போர்டு வாங்கிப் போட்டு எங்களோடு ஆடுகிறார். லீவு கேட்டால் மட்டும் பழைய மேனேஜர்தான். தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு இந்த எமோஷனல் இன்டெலிஜென்ஸ் அவசியமா? (பெயர் வேண்டாம், திருவொற்றியூர்)

பதில்: அது இருக்கட்டும், கேரமில் யார் ஜெயிக்கிறார்? முக்கியமான விஷயத்தை எழுதாமல் விட்டுவிட்டீர்களே. மேனேஜர்தான் என்று பந்தயம் கட்டுகிறேன். திருவொற்றியூர்க்காரர் கேரமில் தொடர்ந்து தோற்கிறார் என்றால், ஒன்று கை உடைந்திருக்க வேண்டும், இல்லை எதிரில் மேலதிகாரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

வடசென்னைக்குக் கேரமைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். நம் சினிமாக்காரர்களுக்கோ வடசென்னை என்றால் அரிவாள்தான். கேரம் போர்டையே காட்டினாலும் ஆட்டம் முடிவதற்குள் யாரையாவது குத்திவிட வேண்டும். இதை எழுதினால் மயிலாப்பூர் வாசகர் ஒருவர் "மறுபடியும் ஆரம்பித்துவிட்டீரா?" என்று கார்டு போடுவார். ஆமாம் சார், ஆரம்பித்துவிட்டேன்.

மேனேஜரிடம் தோற்பது லேசான வேலை இல்லை. சிவப்புக் காயான ரெட்டைப் போட்டாயிற்று, அது செல்ல அடுத்தே இன்னொரு காயை ஃபாலோவாகப் போட வேண்டும். காய் பாக்கெட் வாயிலேயே நிற்கிறது. அஞ்சாம் வகுப்புப் பையன் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். நீங்கள் அதை ஒரு நூல் தள்ளி அடித்து, ஓரத்தில் பட்டுத் திரும்ப வைக்க வேண்டும். உடனே "ச்சே!" என்று தொடையில் தட்டிக்கொள்ள வேண்டும். தோற்றால் போதாது, ஜெயிக்கப் பாடுபட்டுத் தோற்ற மாதிரி இருக்க வேண்டும். ஸ்ட்ரைக்கரையும் சேர்த்து உள்ளே தள்ளி மைனஸ் வாங்குவது இன்னும் உசத்தி. ஆனால் ஒரு போர்டுக்கு ஒரு தடவைக்கு மேல் கூடாது, சந்தேகம் வந்துவிடும். மேனேஜர் ஸ்ட்ரைக்கரை இரண்டு கோட்டையும் தொடாமல் வைத்து அடித்தாலும் சுற்றி நிற்கும் எட்டுப் பேர் கண்ணுக்கும் அது தெரியக் கூடாது.

அவர் முகம் பார்க்கிறீர்கள், மனநிலையைக் கணக்குப் போடுகிறீர்கள், உங்கள் எரிச்சலை மறைக்கிறீர்கள், அவர் கௌரவத்தைக் காப்பாற்றுகிறீர்கள். வகுப்பில் இரண்டு நாள் உட்கார்ந்து அவர் கற்றுவந்தது இதைத்தானே? உங்கள் யார்டில் அது ஏற்கெனவே வழிந்து ஓடுகிறது. என்ன, எல்லாம் கீழே இருப்பவர்களிடம் இருக்கிறது.

வள்ளுவர் காலத்திலும் கதை இதுதான். 71ஆம் அதிகாரம் குறிப்பறிதல், அமைச்சியலில் வருகிறது. ராஜா மனதில் இருப்பதை முகத்தைப் பார்த்தே அமைச்சர் கண்டுபிடிக்க வேண்டும். இதே தலைப்பு காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரமாகத் திரும்ப வரும். மேலதிகாரியும் காதலியும் வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள், நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் சாலவே, மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1990இல் இந்த விஷயத்தை ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார்கள். 1995இல் டேனியல் கோல்மன் அதே தலைப்பில் புத்தகம் போட்டு உலகம் முழுக்கக் கொண்டுபோனார். அவர் பத்திரிகைக்காரர், நம் தொழில்காரர் என்பதால் அதிகம் குறை சொல்ல மனம் வரவில்லை. தன்னை அறிவது, தன்னை அடக்குவது, பிறகுதான் அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வது என்றெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார். வகுப்பு எடுக்கும் ஆட்கள் முதல் இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேகமாகத் தள்ளிவிட்டு, தோளில் கைபோடும் பகுதியை மட்டும் நின்று நிதானமாக நடத்துகிறார்கள் போல. ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இலேயே விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிரிப்பும் அவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலைதான் என்றார். அந்தப் புத்தகத்துக்கு இரண்டு நாள் வகுப்பு எதுவும் கண்ணில் படவில்லை.

சரி, உங்கள் மேனேஜரை எப்படி அளப்பது? "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான்". கோபம் செல்லுபடியாகிற இடத்தில் அடக்குகிறவன்தான் கோபத்தை அடக்கியவன். கஸ்டம்ஸ் அதிகாரி எதிரில் மேனேஜர் பசுவாக நிற்பார், யாரும் நிற்பார்கள். சீல் நம்பரைத் தப்பாக எழுதிவிட்ட கிளீனர் பையன் முன்னால் அவர் குரல் எந்த உயரத்துக்குப் போகிறது என்று பாருங்கள். கேரமையும் பரீட்சையாக வைக்கலாம். ஒருநாள் ரெட்டைப் போட்டு ஃபாலோவையும் போட்டுவிடுங்கள், முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, பெரம்பூரில் பி அண்ட் சி என்ற துணி மில் இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திய சபைக்குப் பக்திப் பிரசங்கம் கேட்க வந்த மில் தொழிலாளர்கள் அவர்களிடம் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். அந்த இருவரும் போய், அன்னி பெசன்ட்டின் கூட்டாளி பி.பி. வாடியாவைக் கூட்டிவந்தார்கள். பம்பாய்ப் பார்சிக்காரர் ஆங்கிலத்தில் பேச, திரு.வி.க. தமிழில் சொல்ல, 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அன்று தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. "மனசு எப்படி இருக்கு?" என்று துரை வந்து விசாரிக்கவில்லை என்று யாரும் அழவில்லை. உட்கார்ந்து நாலு கவளம் சாப்பிட அவகாசம் கேட்டார்கள்.

நீங்கள் கேட்பதும் லீவுதான். மேனேஜருக்கு அவசியமா என்றால், அவசியம்தான், லீவு கொடுக்கிற அளவுக்காவது. அவருக்கு அது வரும்வரை காத்திருக்காமல் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் என்ற இடத்தில் "தங்கை கல்யாணம்" என்று எழுதுவதாக இருந்தால், போன வருஷமும் அதே தங்கைக்குக் கல்யாணம் நடந்துவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.