“இதெல்லாம் சினிமாவா?” அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சே இல்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் மகன் படிவம் ஐந்து படிக்கிறான். சூப்பர் ஹீரோ படம் எது வந்தாலும் முதல் நாளே போய்விடுவான். என் வீட்டுக்காரர் பழைய உலகப் படங்களின் ரசிகர். “இதெல்லாம் சினிமாவே இல்லை, ஹாலிவுட் இயக்குநர் ஸ்கோர்செசியே சொல்லிவிட்டார்” என்று சாப்பிடும்போது ஆரம்பிப்பார். போன மாதம் மகன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான். அதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. எல்லாம் என் வழியாகத்தான். நான் யார் பக்கம் பேசுவது?

ஒரு தாய், பட்டர்வொர்த்

அன்புச் சகோதரி,

யார் பக்கமும் வேண்டாம். முதலில் தூது போவதை நிறுத்துங்கள். “அப்பாவிடம் நீயே கேள்” என்று சொல்லிவிடுங்கள். சில நாள் வீடு இறுக்கமாகத்தான் இருக்கும்.

ஸ்கோர்செசி சொன்னதில் உங்கள் வீட்டுக்காரர் பாதியை விட்டுவிட்டார். 2019 அக்டோபரில் மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படங்களைக் கேளிக்கைப் பூங்காவோடு ஒப்பிட்டவர், அடுத்த மாதமே நியூயார்க் டைம்ஸில், அவை தன்னை ஈர்க்காதது சொந்த ரசனை சார்ந்தது, இளையவனாக இருந்திருந்தால் தானே அப்படி ஒன்றை எடுக்க ஆசைப்பட்டிருக்கலாம் என்று எழுதினார். மற்ற படங்களுக்குத் திரையரங்கு கிடைப்பதில்லை என்பதும் அவர் கவலை. அது நியாயம்தான். ஆனால் அதற்கு உங்கள் மகன் பொறுப்பில்லையே! பதினேழு வயதில் பிடித்த படத்தைக் குப்பை என்றால், தன்னையே சொன்னதாகத்தான் காதில் விழும்.

‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2018) அனிமேஷன் படத்தில் காட்டுக்குள் தப்பி ஓடும் காட்சியை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் பார்க்கட்டும். பத்து நிமிடம் போதும், ரிமோட் மகன் கையில். படம் ஓடுவது விநாடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 அசையாப் படங்கள். அனுபவசாலி ஸ்பைடர்மேன் பீட்டரின் அசைவு பெரும்பாலும் சட்டகத்துக்குச் சட்டகம் மாறும். புதிதாக ஸ்பைடர்மேன் ஆன பையன் மைல்ஸுக்கு இரண்டு சட்டகத்துக்கு ஒருமுறைதான். அதனால் பெரியவர் வழுக்கிக்கொண்டு போக, பையன் வெட்டி வெட்டித் தடுமாறுகிறான். கற்றுக்குட்டி யார் என்று ஒரு வசனமும் இல்லாமல் தெரிந்துவிடும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் உங்கள் வீட்டுக்காரர் கண்ணுக்குத் தப்பாது. என்னைக் கேட்டால் இது சினிமாதான். (இந்த வகைப் படங்கள் பலவற்றில் கடைசி அரை மணி நேர அடிதடி எனக்கும் அலுக்கும்.) அடுத்த ஞாயிறு அப்பா தேர்ந்தெடுக்கும் காட்சி, அதே பத்து நிமிடம்.

இது கெடுவதென்றால் அப்பா பரீட்சை வைப்பதால்தான் கெடும். “எந்த ஷாட் உனக்குப் பிடித்தது?” என்பதைத் தவிர வேறு கேள்வி வேண்டாம், பதிலுக்கு “ஆனால்” என்று ஆரம்பிக்கவும் வேண்டாம் என்று அவரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். சாப்பாட்டு மேசையில் சினிமாப் பேச்சே எடுக்க வேண்டாம். மகன் வரமாட்டேன் என்றால் வற்புறுத்தாமல் ஒரு வாரம் விட்டுக் கூப்பிடுங்கள்.

நண்பர்களையும் ஒதுக்கி, தூக்கமும் பசியும் குறைந்தால் சங்கதி சினிமா அல்ல. தள்ளிப்போடாமல் பள்ளியின் ஆலோசக ஆசிரியரைப் பாருங்கள்.