மொட்டை மாடி ஒழுகினால் செலவு யாருடையது?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் ஆறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் வசிக்கிறோம். கட்டடத்துக்கு 14 வயது. மழை வந்தால் எங்கள் படுக்கையறையில் சொட்டுகிறது. மாடியின் தட்டோட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட ரூ.2,40,000 ஆகும் என்கிறார் மேஸ்திரி. தரைத்தளத்துக்காரர்களோ, 'ஒழுகுவது உங்கள் வீட்டில்தானே?' என்கிறார்கள். போன வருடம் நானே 18,000 ரூபாய் செலவழித்து வாட்டர் புரூஃபிங் பூச்சு அடித்தேன். அதுவும் நிற்கவில்லை. செலவை எப்படிப் பிரிப்பது?

பதில்: மொட்டை மாடி உங்கள் வீட்டின் கூரை அல்ல, கட்டடத்தின் கூரை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) மாடியைப் பொதுப் பகுதிகளில்தான் சேர்க்கிறது. அதைப் பயன்படுத்துவதில்லை என்பது பணம் தராமல் இருக்கக் காரணமாகாது. கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் முதலில் பொங்குவது தரைத்தளத்தில்தான். அப்போது மாடி வீட்டுக்காரர்கள், 'எங்களுக்கென்ன?' என்று சொன்னால் தரைத்தளத்துக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா? தவிர, தளத்துக்குள் இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அதைச் சரிசெய்ய இறங்கினால் 2,40,000 எந்த மூலைக்கு?

ஆனால் பணம் கேட்கப் போகும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நீர் உண்மையிலேயே தளத்தின் வழியாகத்தான் இறங்குகிறதா? மழையில்லாத நாளிலும் ஈரம் இருந்தால் மேல்நிலைத் தொட்டியையும் குழாய்களையும் சந்தேகிக்க வேண்டும். மழையில் மட்டும் என்றால், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், படிக்கட்டு அறைச் சுவரின் அடி ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். பல கசிவுகள் இங்கேதான். குழாய் வாயை அடைத்துவிட்டு, படுக்கையறைக்கு மேலுள்ள பகுதியைச் சுற்றிச் சிமென்டுக் கலவையால் சிறிய வரப்பு கட்டி, இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்துங்கள். கீழே கறை விரிகிறதா என்று எல்லோரும் வந்து பார்க்கட்டும். கூட்டத்தில் பத்து முறை பேசுவதைவிட, தரைத்தளத்துக்காரர் ஒரு முறை அண்ணாந்து பார்ப்பது மேல்.

பூச்சு ஏன் நிற்கவில்லை என்பதும் அப்போது தெரிந்துவிடும். வாட்டம், அதாவது நீர் வடிவதற்கான சரிவு, சரியில்லாமல் நீர் தேங்கும் மாடியில் எந்தப் பூச்சும் நிற்காது.

இனி கணக்கு. கிரயப் பத்திரத்திலோ சங்கத்தின் விதிகளிலோ செலவுப் பங்கீடு எழுதியிருந்தால் அதுதான் முடிவு. இல்லையென்றால் யுடிஎஸ், அதாவது பத்திரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதியுள்ள மனையின் பிரிபடாத பாகத்தின்படி பிரிப்பதே என் பரிந்துரை. உதாரணமாக, ஒரு கிரவுண்ட் (2,400 சதுர அடி) மனையில் மூன்று பெரிய வீடுகளுக்குத் தலா 475, மூன்று சிறிய வீடுகளுக்குத் தலா 325 சதுர அடி பாகம் என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்கு 100 ரூபாய் வீதம் பெரிய வீட்டுக்கு ரூ.47,500, சிறிய வீட்டுக்கு ரூ.32,500. சமமாகப் பிரித்தால் தலா ரூ.40,000. எல்லோரும் ஒப்புக்கொண்டால் சமமாகவே பிரியுங்கள், ஆனால் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 7,500 ரூபாய் வித்தியாசத்துக்காக இன்னொரு மழைக்காலத்தைக் கடத்துவது புத்திசாலித்தனமல்ல.

உங்கள் அறையின் பூச்சு பெயர்ந்திருந்தால் அதையும் பொதுச் செலவில் சேர்க்கக் கேட்பது நியாயம். ஃபால்ஸ் சீலிங்கும் புதுப் பெயின்ட்டும் உங்கள் பொறுப்பு. யாராவது சோலார் பேனலுக்காகத் தளத்தைத் துளைத்திருந்தால், அந்த இடத்துச் செலவு அவருடையது. வாடகைக்கு இருப்பவரிடம் கேட்காதீர்கள், வீட்டு உரிமையாளரிடம்தான் கேட்க வேண்டும். கட்டுநரைப் பிடிக்கவும் வழியில்லை. வீட்டை ஒப்படைத்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் குறைகளுக்குத்தான் 2016 சட்டப்படி அவர் பொறுப்பு.

இரண்டு மூன்று கொட்டேஷன் வாங்கிப் பொதுக்கூட்டத்தில் வைத்து, தீர்மானத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதுங்கள். மறுப்பவருக்குத் தொகையைக் குறிப்பிட்டுப் ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மற்றவர்கள் அவர் பங்கையும் போட்டு வேலையை முடித்துவிட்டு, ரசீதுகளோடு உரிமையியல் நீதிமன்றத்தில் வசூல் வழக்குப் போடலாம். கோபத்தில் அவர் வீட்டுத் தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், வழக்கு உங்கள் மீது திரும்பும். அக்டோபரில் பருவமழை தொடங்கிவிடும். செப்டம்பர் கடைசியில் நல்ல மேஸ்திரி யாரும் கைக்குச் சிக்க மாட்டார்கள். கோடையிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

அந்த 18,000 ரூபாய்? யாரையும் கேட்காமல் செய்த செலவு. கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.