வெளிநாட்டுப் படகுகளுக்கு உதவும் வேலை: எது உங்கள் கையில், எது கேப்டன் கையில்

ஆயர் தாவாரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறார். மருமகன் லுமுட் பக்கம் படகு இன்ஜின் மெக்கானிக். "மருமகன் மூலமாக வெளிநாட்டுப் படகுக்காரர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். கஸ்டம் ஆபீசுக்கு அழைத்துப் போ, கேஎல்ஐஏ விமான நிலையத்தில் நிற்கும் உதிரிப்பாகத்தை எடுத்து வா, டீசல் வாங்கி வா என்கிறார்கள். ஒருவர் என் பெயரிலேயே பார்சல் வரவழைக்கிறேன், அதற்குத் தனியாகக் காசு தருகிறேன் என்கிறார். இதெல்லாம் நான் செய்யலாமா? லைசென்ஸ் எடுக்க வேண்டுமா? மகள் எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு) முடித்திருக்கிறாள், அவளை இந்தத் துறையில் படிக்கவைக்கலாமா?"

முதலில் அந்தப் பார்சலைப் பேசிவிடுவோம். ஒத்துக்கொள்ளாதீர்கள் ஐயா. ஏற்கெனவே தலையாட்டியிருந்தால், பொருள் புறப்படுவதற்குள் பெயரை மாற்றச் சொல்லிவிடுங்கள்.

பார்சலில் பெறுநர் என்று யார் பெயர் இருக்கிறதோ, சுங்கத்துறைக்கு அவர்தான் இறக்குமதியாளர். வரி அவர் தலையில் விழும். உள்ளே இருக்கும் பொருளுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. 3,000 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பம்ப்புக்கு அனுப்பியவர் 300 வெள்ளி என்று விலை போட்டிருந்தால் அதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பொய்யான அறிக்கை கொடுப்பது 1967-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் குற்றம். படகுக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அதிகாரி விளக்கம் கேட்கும் நேரத்தில் அவர் தாய்லாந்துக் கடலில் இருப்பார், நீங்கள் ஆயர் தாவாரில் இருப்பீர்கள்.

சரி, பார்சல் எப்படி வர வேண்டும்? பெறுநராகக் கேப்டன் பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி. அதன் கீழே படகின் பெயர், எந்த நாட்டுக் கொடி, பதிவு எண், படகு நிற்கும் மரினாவின் (படகுத்துறையின்) முகவரி. தொடர்புக்கு ஓர் உள்ளூர் எண் வேண்டும் என்றால் உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுக்கலாம், அதோடு சரி. 'டிரான்சிட் படகுக்கான (கடந்து போகும் படகுக்கான) உதிரிப்பாகம்' என்று பெட்டியில் எழுதச் சொல்வது வழக்கம், எழுதட்டும். ஆனால் அப்படி எழுதிவிட்டால் வரி கிடையாது என்று நிறைய படகுக்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். லங்காவி 1987-லிருந்து வரியில்லாத் தீவு, அங்கே பழகியவர்களுக்கு இந்த நம்பிக்கை வருவது இயல்பு. பங்கோர் தீவுக்கும் 2020-லிருந்து அந்தத் தகுதி உண்டு. லுமுட் நகரம் அப்படியில்லை. பங்கோருக்கு எதிரே இருந்தாலும் இது தீபகற்பத்துக் கரை. பொருளைப் பொறுத்து இறக்குமதி வரியும், 5 அல்லது 10 விழுக்காடு விற்பனை வரியும் வரலாம். எவ்வளவு வரும் என்பதைப் பொருள் கிளம்பும் முன்பே ஃபார்வர்டிங் ஏஜென்டிடம் (சுங்க வேலையைச் செய்து தரும் முகவரிடம்) கேட்டு, அந்தத் தொகையைக் கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். பொருள் வந்து நின்ற பிறகு சொன்னால் சண்டையில் முடியும்.

அறிக்கை கொடுப்பது யார் என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. இறக்குமதிக்கு கே1 பாரம். பொருளுக்கு உரியவர் தானே கொடுக்கலாம், அல்லது சுங்கச் சட்டத்தின் 90-ஆம் பிரிவின் கீழ் அனுமதி பெற்ற முகவர் கொடுக்கலாம். கூலி வாங்கிக்கொண்டு இன்னொருவருக்காக நீங்கள் கொடுக்க முடியாது. பொருள் விடுவிக்கப்பட்ட பிறகு அதை ஏற்றிக்கொண்டு வருவதுதான் உங்கள் பங்கு; அதற்கு வேனுக்கு வேண்டிய லைசென்ஸைப் பின்னால் சொல்கிறேன். வேனில் பொருள் இருக்கும் நேரம் முழுக்க விடுவிப்புத் தாளின் நகலும் விலைச்சீட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். வழியில் நிறுத்திக் கேட்டால் காட்டுவதற்கு வேறு எதுவும் உங்களிடம் கிடையாது.

அனுமதி பெற்ற ஏஜென்ட் இருக்கும்போது நீங்கள் எதற்கு என்று தோன்றலாம். உங்களுக்கான உண்மையான வேலை பொருள் கிளம்புவதற்கு முந்தைய வாரத்தில் இருக்கிறது. ஏஜென்டுக்கு வேண்டிய விவரத்தைப் படகுக்காரர் ஒழுங்காகக் கொடுப்பதில்லை. 'போட் பார்ட்ஸ்' என்று ஒரே வரியில் விலைச்சீட்டு வரும். அதை வைத்து எந்தச் சுங்க வரி எண்ணில் போடுவது? படகின் பாய் (காற்றைப் பிடிக்கும் துணி) என்றால் 6306, பம்ப் என்றால் 8413, பேட்டரி என்றால் 8507. ஒவ்வொன்றுக்கும் சுங்க வரி வேறு. ஆகவே ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக, என்ன பொருள், எதற்கு, எத்தனை, உண்மையான விலை என்ன என்று எழுதிய சீட்டை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பாருங்கள். வாரண்டியில் இலவசமாக வரும் பாகத்துக்கும் மதிப்புப் போட வேண்டும். பூஜ்யம் என்று எழுதினால் பெட்டி அங்கேயே நிற்கும்.

பாய் வரும்போது இன்னொன்றைப் பாருங்கள். 180 செ.மீ. நீளம், 50 அகலம், 50 உயரம் என்று ஒரு பை. நிறுத்துப் பார்த்தால் 40 கிலோதான் இருக்கும். கூரியர்காரர்கள் மூன்று அளவையும் பெருக்கி 5,000-ஆல் வகுப்பார்கள். 4,50,000-ஐ 5,000-ஆல் வகுத்தால் 90. ஆக 90 கிலோவுக்குக் கட்டணம். விமானச் சரக்காக அனுப்பினால் பொதுவாக 6,000-ஆல் வகுப்பார்கள், 75 கிலோ ஆகும். பாயை இறுக்கி மடித்து, சின்னப் பையில் அடைத்து அனுப்பச் சொன்னாலே நல்ல தொகை மிச்சம். இந்த ஒரு கணக்கைக் கிளம்பும் முன் சொல்லிக் கொடுத்தால் அந்தக் கேப்டன் அடுத்த படகுக்காரரிடம் உங்கள் பெயரைச் சொல்வார்.

லித்தியம் பேட்டரி வேறு கதை. தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றவே கூடாது. சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது. படகின் அடிப்பகுதிக்கு அடிக்கும் பெயின்ட் தீப்பிடிக்கும் திரவம், ஆபத்துக்கு விடும் ஃபிளேர் வெடிபொருள். இவற்றில் ஏதாவது வருகிறது என்றால் உள்ளூரிலேயே வாங்க முடியுமா என்று மருமகனை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

இனி படகின் கிளியரன்ஸ், அதாவது நுழைவு, புறப்பாட்டுப் பதிவு. குடிநுழைவுத் துறை, சுங்கத்துறை, ஜாபாத்தான் லாவுட் (கடல் துறை) என்று மூன்று இடத்தில் பதிய வேண்டும். இது கேப்டனின் பொறுப்பு, அவரே நேரில் போக வேண்டும். நீங்கள் கூடப் போகலாம், மலாயில் எடுத்துச் சொல்லலாம், பாரம் நிரப்பக் கைகொடுக்கலாம். கையெழுத்து மட்டும் அவருடையதாக இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து நேரே வந்த படகு, பதிவு இன்னும் முடியவில்லை என்பதற்கு அடையாளமாக மஞ்சள் கொடி ஏற்றியிருக்கும். நுழைவு முடியும்வரை அந்தப் படகில் நீங்களும் ஏறக் கூடாது, அதிலிருந்து எதையும் இறக்கவும் கூடாது. மருமகனிடமும் இதைச் சொல்லி வையுங்கள். இன்ஜின் பழுது என்று அவசரமாகக் கூப்பிட்டாலும் சரி, முதலில் பதிவு நடக்கட்டும்.

லங்காவியிலிருந்து லுமுட் வருவது உள்நாட்டுப் பயணம்தானே, தாள் எதற்கு என்று சிலர் நினைப்பார்கள். முந்தைய துறைமுகத்தின் போர்ட் கிளியரன்ஸ் தாளை இங்கே கேட்பார்கள். அது இல்லாமல் வந்து நின்றால் அரை நாள் போய்விடும்.

கேப்டனை ஏற்றும் முன் வேன் கதவருகிலேயே ஃபைலைத் திறந்து பாருங்கள். படகின் பதிவுச் சான்றிதழ், எல்லோருடைய பாஸ்போர்ட், முந்தைய கிளியரன்ஸ், அப்புறம் ஆள் பட்டியல். ஆள் பட்டியலில்தான் தவறு நடக்கும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள வரிசையிலேயே இருக்கிறதா, எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கிறதா, இடையில் விமானம் ஏறிப் போய்விட்ட ஆள் இன்னும் பட்டியலில் இருக்கிறாரா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எல்லாவற்றிலும் நகல்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். படகின் பெயர் பொறித்த ரப்பர் ஸ்டாம்ப் இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், கவுன்டரில் மதிப்பு உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் 2024 ஜனவரி முதல் டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாள்களுக்குள். குடிநுழைவுத் துறையின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவும் அரசாங்கத் தளம் கிடையாது.

உடை! அரைக்கால் சட்டையும் சிலிப்பருமாக வந்து நிற்கும் கேப்டனை அரசாங்க அலுவலகத்தில் உள்ளே விடமாட்டார்கள். நீண்ட கால்சட்டை, காலர் வைத்த சட்டை, ஷூ. முந்தின இரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எந்தக் கிழமை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பேராக்கில் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்காக இடைவேளை நீளும். கெடாவில் அரசாங்க வார விடுமுறையே வெள்ளியும் சனியும், ஆகவே லங்காவிக்குப் போன் போட்டு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வியாழனுக்குள் கேட்டுவிட வேண்டும்.

மதுபானம், துப்பாக்கி, நாய் பூனை, டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து இவை படகில் இருந்தால் கேப்டனே முன்வந்து சொல்ல வேண்டும். நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளவோ கரைக்குக் கொண்டுவரவோ வேண்டாம். அன்பளிப்பாக ஒரு பாட்டில் கொடுத்தாலும் வேண்டாம்.

டீசலைப் பற்றிக் கேட்டீர்கள். டீசலும் பெட்ரோலும் 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் பொருள்கள். டின் டின்னாக வேனில் அடுக்கிக் கொண்டுபோய்ப் படகில் ஊற்றுவது, தீபகற்பத்தில் டீசல் விலை 2024 ஜூன் 10-இல் 2.15-லிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறுவதற்கு முன்பும் தப்பு, இப்போதும் தப்பு. எரிபொருள் விற்க உரிமம் உள்ள மரினாவிலேயே படகுக்காரர் நிரப்பிக்கொள்ளட்டும்.

உங்கள் வேனுக்கு வருகிறேன். காசு வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றினால், உரிமம் இல்லாதவரை அது கெரேத்தா சாப்புதான் (சட்டவிரோத டாக்சி). 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. சரக்கிலும் அப்படியே. 'சி' லைசென்ஸ் சொந்தப் பொருளுக்கு, வாடகைக்கு ஏற்ற 'ஏ' வேண்டும். உங்கள் வேனின் வகைக்கு எது பொருந்தும் என்று ஆபாட் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) அலுவலகத்தில் வேனின் கிராண்டை (பதிவுப் பத்திரத்தை) காட்டிக் கேட்டுவிடுங்கள். அது கிடைக்கும்வரை கேப்டன் கிராப் வாடகைக் காரில் வரட்டும், நீங்கள் அலுவலக வாசலில் ஃபைலோடு நில்லுங்கள். உங்கள் உழைப்புக்கான கூலியை அப்போதும் வாங்கலாம். அதற்கு எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்களைப் பதியும் ஆணையத்தில்) ஒரு என்டர்பிரைஸ், அதாவது சிறு வியாபாரம், பதிந்தால் போதும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வேறு பெயர் வைத்தால் 60. மதிய உணவுக்குள் முடிகிற காரியம்.

பில் போடும்போது அரசாங்கக் கட்டணத்தை ரசீதோடு தனியாகவும், உங்கள் கூலியைத் தனியாகவும் எழுதுங்கள். வரிப் பணத்தைக் கேப்டன் நேரடியாக ஏஜென்டுக்குக் கட்டட்டும், உங்கள் வங்கிக் கணக்கு வழியாகப் போக வேண்டாம். 'சீக்கிரம் முடிக்கக் கோப்பிக் காசு ஏதாவது கொடுக்கணுமா' என்று அவரே கேட்பார். கிடையாது என்று சொல்லிவிடுங்கள். கொடுப்பதும் லஞ்சம்தான். தாள் சரியாக இருந்தால் கவுன்டரில் வேலை நடக்கிறது, நான் பார்த்தவரை அதுதான் உண்மை.

மகளைப் பற்றிக் கேட்டீர்கள். படிக்கவையுங்கள் என்றே சொல்வேன். சுங்க முகவர் பயிற்சி (குர்சுஸ் ஏஜென் கஸ்தாம்) என்று ஒன்று இருக்கிறது, சுருக்கமாகக் கேஇகே என்பார்கள். சுங்கத்துறையின் கல்விக்கழகம் மலாக்காவில் இருக்கிறது. முகவர் லைசென்ஸ் நிறுவனத்துக்குத்தான் கிடைக்கும் என்பதால், தேறியவுடன் தனியாகத் தொழில் நடத்திவிட முடியாது. முதலில் ஈப்போவிலோ கிள்ளான் துறைமுகத்திலோ ஒரு ஃபார்வர்டிங் நிறுவனத்தில் எழுத்தராகச் சேரட்டும். கே1 பாரத்தைத் தினம் கையாண்டு, வரி எண்களைத் தேடிப் பழகிய பிறகு அந்தப் பயிற்சிக்குப் போனால் பாடம் மனதில் நிற்கும். நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வரும். இந்த வேலைக்கு அது பெரிய முதல்.

நவம்பரில் ராஜா மூடா சிலாங்கூர் படகுப் போட்டி கிள்ளான் துறைமுகத்தில் தொடங்கி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவிக்குப் போகும். அந்த வாரத்தில் உங்கள் பக்கம் கூட்டம் இருக்கும். எஸ்எஸ்எம் பதிவையும் வேன் லைசென்ஸையும் அதற்குள் முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.