நம்ம மேப், நம்ம மான்ஸ்டர், அடுத்தவங்க மாட்யூல்: ஆன்லைன் டேபிள் கேள்வி-பதில்

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) மாதிரி டைஸ் உருட்டி கதை சொல்லி விளையாடுற கேமை, ரோல்20, ஃபவுண்ட்ரி மாதிரி ஆன்லைன் டேபிள்ல விளையாடுறவங்களுக்கான பகுதி இது. இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. நாம எழுதின மான்ஸ்டர், நாம வாங்கின மேப், எங்கயோ கிடைச்ச மேக்ரோ (ஒரு கிளிக்ல ஓடுற சின்ன கட்டளை), இதையெல்லாம் எப்படி உள்ள கொண்டு வர்றது, வந்தா எது ஒடையும். நேரா கேள்விக்கு போயிடலாம்.

கேள்வி: டி அண்ட் டி-யோட 2014 ரூல்ஸ்ல கேரக்டர் போடுறேன், ஃப்ரீ அக்கவுண்ட். ஃபீட் (கேரக்டரோட கூடுதல் திறமை) லிஸ்ட்ல கிராப்ளர் மட்டும்தான் இருக்கு, பேக்கிரவுண்ட்ல (கேரக்டரோட பழைய வாழ்க்கை) அகோலைட் மட்டும். இது சாஃப்ட்வேர் பக்-ஆ?

பக் இல்லங்க. நீங்க பாக்குறது எஸ்ஆர்டி (சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட்) 5.1, அதாவது டி அண்ட் டி-ல யார் வேணா எடுத்து யூஸ் பண்ணலாம்னு வெளிய விட்ட பகுதி. அதுல 12 கிளாஸும் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ் (கிளாஸுக்குள்ள ஒரு உட்பிரிவு), அப்புறம் மொத்தத்துக்கே ஒரே ஒரு ஃபீட், ஒரே ஒரு பேக்கிரவுண்ட். பீஹோல்டர், மைண்ட் ஃப்ளேயர் மாதிரி பேர் போன மான்ஸ்டரோட ஸ்டாட் பிளாக்கும் (அதோட எண்கள் பட்டியல்) அதுல கிடையாது. 2023 ஜனவரில இதை கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல போட்டாங்க, 2025-ல வந்த 5.2-ல பேக்கிரவுண்ட் நாலாச்சு, ஃபீட்டும் கூடியிருக்கு. மிச்சம் வேணும்னா புத்தகத்தை அந்த பிளாட்ஃபார்ம்லயே வாங்கணும், இல்லன்னா உங்ககிட்ட இருக்குற புத்தகத்தை பாத்து ஷீட்ல கையால டைப் பண்ணணும். டைப் பண்றத யாரும் தடுக்கல, நெறைய பேர் ஷீட்டுல கை வைக்கவே பயப்படுறாங்க, அது வெறும் ஃபார்ம்தான்.

கேள்வி: பிடிஎஃப்பா காசு குடுத்து வாங்கின அட்வென்ச்சர். அதுல இருக்குற மான்ஸ்டரை எல்லாம் ஹோம்ப்ரூவா (நாமளே சேக்குற சொந்த சரக்கா) ஏத்தி எல்லாருக்கும் ஷேர் பண்ணலாமா?

உங்க டேபிள்ல விளையாடுற அஞ்சாறு பேருக்காக பிரைவேட்டா வெச்சுக்கறது வேற, ஊருக்கே பப்ளிஷ் பண்றது வேற. முதலாவதுக்குத்தான் பிரைவேட் ஹோம்ப்ரூனு ஒரு வசதியே இருக்கு. ரெண்டாவதை பண்ணாதீங்க. டைஸ் உருட்டி இவ்வளவு கூட்டுங்கிற மெக்கானிக்கை பொதுவா காப்பிரைட் கட்டிப்போடாது, ஆனா அந்த மான்ஸ்டரோட வர்ணனை, படம், எழுதின வரிகள் எல்லாம் எழுதினவங்களோடது. சின்ன சின்ன ஆளுங்க ராத்திரி முழிச்சு எழுதி விக்கிற அட்வென்ச்சர் இதுல நெறைய, அவங்களுக்கு ஒவ்வொரு விற்பனையும் முக்கியம். எஸ்ஆர்டி-ல இருந்து எடுத்து மாத்தி எழுதினா தாராளமா வெளிய விடலாம், மூலத்துக்கு கிரெடிட் வரி மட்டும் மறக்காம போடணும், லைசென்ஸ் கேக்குறதே அதைத்தான்.

கேள்வி: ஃபவுண்ட்ரில 60 மாட்யூல் (மேல சேக்குற ஆட்-ஆன்) போட்டிருந்தேன். புது வெர்ஷனுக்கு அப்டேட் குடுத்தேன், இப்ப சீன் (மேப் பக்கம்) ஓபன் ஆகல, டோக்கன் (மேப் மேல நகத்துற காய்) நகரல. என்ன பண்ண?

முதல்ல நிறுத்துங்க, வேற எதையும் அமுக்காதீங்க. அப்டேட்டுக்கு முன்னாடி எடுத்த பேக்கப் இருக்கா? ஒரு வேர்ல்டை (உங்க கேமோட மொத்த டேட்டாவும் இருக்குற தொகுப்பு) புது வெர்ஷன்ல ஒருதடவை திறந்துட்டா அதோட டேட்டா புது வடிவத்துக்கு மாறிடும், அதை அப்படியே பழைய வெர்ஷனுக்கு திருப்ப முடியாது, அதனாலதான் பேக்கப் இல்லாம கோர் அப்டேட் (ஃபவுண்ட்ரியோடதே) தொடவே கூடாதுன்னு நான் பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றேன். பேக்கப்பையும் சர்வரை மூடிட்டு எடுங்க. 2023-ல வந்த வெர்ஷன் 11-ல இருந்து டேட்டா லெவல்டிபி-ங்கிற டேட்டாபேஸ்ல இருக்கு, ஓடிக்கிட்டு இருக்கும்போது ஃபோல்டரை காப்பி அடிச்சா பாதி எழுதினபடி வந்து நிக்கும்.

அடுத்தது, எல்லா மாட்யூலையும் ஆஃப் பண்ணி வேர்ல்டை திறங்க. திறந்தா உங்க கேம்பெய்ன் (பல செஷனா ஓடுற தொடர்கதை) பத்திரம், தப்பு மாட்யூல்லதான். எதுல தப்புன்னு ஒவ்வொண்ணா ஆன் பண்ணி பாத்துக்கிட்டு இருக்காதீங்க, பாதி பாதியா பிரிங்க: 30 ஆன் பண்ணி பாருங்க, தப்பு வந்தா அதுல 15, வரலன்னா அடுத்த பாதி, இப்படியே போனா 60-ல ஒண்ணை ஆறு சுத்துல பிடிச்சிடலாம். இந்த வேலையை தானா பண்ணித்தர ஃபைண்ட் த கல்ப்ரிட்னு ஒரு மாட்யூலே இருக்கு. தப்பு ரெண்டு மாட்யூல் மோதிக்கறதால வருதுன்னா மட்டும் கொஞ்சம் பொறுமை வேணும்.

இனிமே அப்டேட் பண்றதுக்கு முன்னாடி மேனிஃபெஸ்ட்ல (ஒவ்வொண்ணு கூடவும் வர்ற விவர ஃபைல்) வெரிஃபைடுன்னு எந்த வெர்ஷன் போட்டிருக்குன்னு பாருங்க, முதல்ல உங்க கேம் சிஸ்டத்துக்கு, அப்புறம் மாட்யூலுக்கு. நடந்துக்கிட்டு இருக்குற கேம்பெய்னுக்கு நடுவுல பெரிய வெர்ஷன் மாத்தாம இருக்குறதுதான் என் வழக்கம். அப்புறம் அந்த 60. செஷன்ல ப்ளேயர் கண்ணுக்கு தெரியறது எத்தனை? ஒரு மாசம் தொடாத மாட்யூலை எடுத்துடுங்க, யாரும் கேக்க மாட்டாங்க.

கேள்வி: மேப் ஃபைல் 3 எம்பிதான், ஆனா ஒரு ப்ளேயரோட பழைய லேப்டாப் தொங்குது.

டிஸ்க்ல 3 எம்பி, திரையில காட்டும்போது அது விரிஞ்சிடும். பிக்ஸலுக்கு 4 பைட்னு கணக்கு வெச்சுக்கோங்க: 4000க்கு 3000 மேப்னா 48 எம்பி கிராஃபிக்ஸ் மெமரி, 8000க்கு 6000னா 192. வெப்பி ஃபார்மேட்டுக்கு மாத்தினா டவுன்லோடு வேகமா ஆகும், இந்த கணக்கு மாறாது. சைஸைத்தான் குறைக்கணும். கட்டத்துக்கு 100 பிக்ஸல் போதும், ரோல்20-க்கு 70. அசையுற வீடியோ மேப்பை அந்த லேப்டாப்புக்காக விட்டுடுங்க.

கேள்வி: டி அண்ட் டி பியாண்ட் சைட்ல புதுசா ஒரு கிளாஸே உருவாக்க முடியுமா?

முடியாது, சப்கிளாஸ் மட்டும்தான். கிட்டத்தட்ட ஒத்துவர்ற கிளாஸை எடுத்து அதுக்கு ஒரு சப்கிளாஸா எழுதிப் பாருங்க, பல ஐடியா அதுலயே அடங்கிடும்.

கேள்வி: சாட்ல ஒருத்தர் குடுத்த மேக்ரோ. அப்படியே பேஸ்ட் பண்ணலாமா?

டைஸ் உருட்டுற ஒரு வரின்னா பயமில்ல. ஃபவுண்ட்ரில ஸ்கிரிப்ட் மேக்ரோன்னா அது ஜாவாஸ்கிரிப்ட், ஜிஎம்மா (கேமை நடத்துறவர்) லாகின் ஆகி ஓட்டினா ஜிஎம் பண்ணக்கூடிய எல்லாத்தையும் அதுவும் பண்ணும், ஆக்டரை (கேரக்டர், மான்ஸ்டரோட பதிவு) அழிக்கறது உட்பட. வரி வரியா புரியலன்னா காலி டெஸ்ட் வேர்ல்டுல ஓட்டிப் பாருங்க.

கேள்வி: ரோல்20-ல ரெண்டு வருஷ கேம்பெய்ன், ஃபவுண்ட்ரிக்கு போகணும். எல்லாம் கூடவே வருமா?

மேப் படம், டோக்கன் படம் வரும், ஒரிஜினல் ஃபைல் உங்ககிட்ட இருந்தா. டஞ்சன்டிராஃப்ட்ங்கிற மேப் வரையுற சாஃப்ட்வேர்ல வரைஞ்ச மேப்னா யூனிவர்சல் விடிடி (விடிடின்னா ஆன்லைன் டேபிள்) ஃபார்மேட்டா எக்ஸ்போர்ட் பண்ணுங்க, சுவர், கதவு, விளக்கு எல்லாம் அந்த ஃபைலுக்குள்ளயே இருக்கும், ஃபவுண்ட்ரில ஒரு இம்போர்ட் மாட்யூல் போட்டா அப்படியே உக்காந்துடும், இல்லன்னா சுவரை திரும்ப வரையணும். கஷ்டம் கேரக்டர் ஷீட்லதான், ஒரு இடத்துல ஸ்ட்ரென்த்துன்னு தனியா இருக்குற எண் இன்னொரு இடத்துல வேற பேர்ல வேற பெட்டிக்குள்ள இருக்கும். அஞ்சு ப்ளேயர்னா ஒரு சாயங்காலம் உக்காந்து அவங்களையே புதுசா போடச் சொல்லுங்க, கன்வெர்ட்டரோட மல்லுக்கட்டுறதை விட சீக்கிரம் முடியும்.

ஜர்னல்ல எழுதின கதை, என்பிசி (ஜிஎம் நடிக்கிற கதாபாத்திரம்) பேர், ஊர் வரலாறு, இதுங்களைத்தான் முதல்ல காப்பாத்தணும். நான் ஒரு கேம்பெய்னோட மொத்த குறிப்பையும் ஒரு சைட்டுக்குள்ளயே எழுதி வெச்சிருந்தேன், அந்த சைட் மூடிட்டாங்க, அந்த உலகத்துல பாதி இன்னைக்கு என் ப்ளேயர்ஸோட ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு. அன்னைல இருந்து எல்லாத்தையும் என் கம்ப்யூட்டர்ல சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா எழுதிட்டு அப்புறம்தான் பிளாட்ஃபார்ம்ல ஒட்டுறேன். நீங்க மாறப்போற இந்த வாரமே ஒவ்வொரு ஜர்னல் பக்கமா திறந்து காப்பி பண்ணி எடுத்துடுங்க, பழைய கேமை அதுக்கப்புறமும் ஒரு ஆறு மாசம் அழிக்காதீங்க.