சோழமண்டலத்துக்கு முன்பிருந்த பள்ளி

அன்புள்ள ஐயா,

சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அங்கிருந்தவர்கள் அரசிடம் கையேந்தாமல், பாத்திக் என்னும் மெழுகுச் சாயத் துணி விற்று ஓவியம் வரைந்தவர்கள். அப்படியிருக்கக் கலைக்கல்விக்கு வரிப்பணம் வேண்டும் என்று நீங்களே வாதிடுவது முரண் அல்லவா? தகுதியுள்ள கலை தானே பிழைத்துக்கொள்ளாதா?

சு., ஈரோடு

அன்புள்ள சு.,

சென்னையை அடுத்த இஞ்சம்பாக்கத்தில் 1966-ல் அமைந்த அந்தக் கிராமத்தின் நிலம் கைவினைப் பொருள் விற்ற பணத்தில் வாங்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் அதைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர் அப்போது சென்னை அரசுக் கலைப் பள்ளியின் முதல்வர். உடன் சென்றவர்களில் பெரும்பாலோர் அங்கே பயின்றவர்கள். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-ல் சொந்த முயற்சியில் தொடங்கிய அப்பள்ளியை இரண்டே ஆண்டுகளில் அரசு ஏற்றுக்கொண்டது. (வெள்ளையரின் அக்கறை ஓவியத்தைவிடக் கைத்தொழிலில்தான் இருந்தது என்பது வேறு கதை.)

பாத்திக்கையே எடுத்துக்கொள்வோம். உருக்கிய மெழுகைத் துணியில் தடவி, சாயத்தில் முக்கி, மெழுகில்லாத இடங்களில் நிறம் ஏற, மெழுகு விரிசல் விட்ட இடங்களில் அது மயிரிழையாக இறங்கும்படி செய்து, பிறகு வெந்நீரில் மெழுகை நீக்க வேண்டும். மெழுகின் சூடு சற்றுக் குறைந்தாலும் அது இழைக்குள் இறங்காமல் மேலேயே உறைந்துவிடும். சாயம் அடியில் புகுந்து கோட்டைக் கெடுக்கும். சந்தை தேறிய துணியை மட்டுமே வாங்கும். கைப்பக்குவம் வரும்வரை கெடுகிற துணிக்கான செலவைக் குடும்பச் சொத்து ஏற்க வேண்டும், இல்லையேல் பொதுப்பணம் ஏற்க வேண்டும். துறையூர் அருகே ஒரு கிராமத்தில் பிறந்த ஓவியர் ஆதிமூலம் அதே கலைப் பள்ளியில் பயின்றவர். தமிழ் நூல் அட்டைகளில் நாம் கண்டு பழகிய அவருடைய கோடுகளுக்கும் எழுத்து வடிவங்களுக்கும் அந்தப் பயிற்சி ஆண்டுகளில் எந்தச் சந்தை விலை கொடுத்திருக்கும்?

விருது விழாக்களுக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் செலவை நீங்கள் கண்டித்திருந்தால் மறுபேச்சின்றி உடன்பட்டிருப்பேன். நான் கேட்பது வகுப்பறைக்கான பணம். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம் உள்ளிட்ட பாடங்களுக்காக நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்கு அப்போது மாதத் தொகுப்பூதியம் ரூ.5,000, பணி வாரத்துக்கு மூன்று அரைநாள். அந்தச் சொற்ப நேரத்திலும் தேர்வு நெருங்கினால் ஓவிய வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். நாமும் அப்படிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள்தானே?