பி.டி. டிரம்மில் கோழி மருந்து

அன்புள்ள ஐயா,

பர்மாவில் பெகு பக்கம் முட்டைக்கோஸ், காலிஃபிளவர் போடுகிறோம். புழுவுக்கு பி.டி. என்ற பாக்டீரியா பவுடர் அடிக்கிறோம். விலை கட்டுபடியாகாததால் ஒரு பாக்கெட்டை டிரம்மில் கொட்டி, ஒரு வீசை கருப்பட்டியும் கோழி எருத் தண்ணீரும் சேர்த்து இரண்டு நாள் வைத்துப் பெருக்குகிறோம். புளிக்காமலிருக்கக் கோழிக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளின் ஆன்டிபயாடிக் கொஞ்சம் போடச் சொல்கிறார்கள். அந்தப் பாக்டீரியாவிலேயே ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணு இருக்கிறதாமே, பி.டி.யை நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகர், பெகு

அன்புள்ள நண்பருக்கு,

பி.டி.யை நிறுத்த வேண்டாம். டிரம்மை நிறுத்துங்கள்.

கேள்விப்பட்டது உண்மைதான். பி.டி. என்கிற பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ், பெனிசிலினையும் ஆம்பிசிலினையும் முறிக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைத் தானே சுரக்கும். அதற்கான மரபணு குரோமோசோமில் இருப்பதால் வேறு பாக்டீரியாவுக்கு எளிதில் கைமாறாது. மண்ணிலுள்ள அதன் இனத்தாரிடமும் அது உண்டு. பயப்பட வேண்டியது, செல் விட்டுச் செல் தாவும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் ஏறிவரும் மரபணுவுக்குத்தான். ஐரோப்பாவில் நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லியைப் பதிவு செய்யும்போது இதைத்தான் துருவிப் பார்க்கிறார்கள்.

உங்கள் டிரம் அந்தத் தாவலுக்கு வாகான இடம். மருந்து தின்ற கோழியின் எருவில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணுக்கள் பிளாஸ்மிட்டோடு வரும். கருப்பட்டியும் வெதுவெதுப்பும் கிடைத்தால் பல இனங்களும் நெருக்கியடித்துப் பெருகும். அதில் டெட்ராசைக்ளினையும் போட்டால் மருந்துக்கு அடங்குபவை ஒடுங்கி, அடங்காதவை மட்டும் மிஞ்சும். பி.டி. பெரும்பாலும் டெட்ராசைக்ளினுக்கு அடங்கிவிடும் பாக்டீரியா. ஆக, நீங்கள் வளர்க்க நினைத்தது சாகிறது, வளரக்கூடாதது வளர்கிறது. அதையே பச்சையாகத் தின்னும் கோஸ் மேல் தெளிக்கிறீர்கள்.

மருந்து போடாவிட்டாலும் பலன் இல்லை. புழுவைக் கொல்வது பி.டி. தன் வித்தை (ஸ்போர்) உருவாக்கும்போது உண்டாகும் புரதப் படிகம். கருப்பட்டித் தண்ணீரில் ஈஸ்டும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் முந்திக்கொண்டு புளிக்கவைத்துவிடும். அந்தப் புளிப்பில் பி.டி. சரியாக வித்தை உருவாக்காது, படிகமும் தேறாது. புளித்த வாடை வந்தாலே அந்தத் தண்ணீர் வீண்.

செலவைக் குறைக்க வேறு வழி உண்டு. இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். புழு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே அடித்தால் குறைந்த அளவே போதும்: பொதுவாக லிட்டருக்கு 1 கிராம், 16 லிட்டர் டேங்குக்கு 16 கிராம். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி. வெயில் படிகத்தைச் சிதைக்கும், மாலையில் அடியுங்கள். கோஸ் இலையில் மெழுகு இருப்பதால் ஒட்டுபசை கட்டாயம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்க்கவே கூடாது, அதன் காரத்தில் படிகம் கரைந்துவிடும். மறுநாள் புழு உயிரோடு கிடக்கிறதே என்று மறுபடி அடிக்காதீர்கள். தின்பதை நிறுத்தியிருந்தால் மருந்து வேலை செய்கிறது, இரண்டு மூன்று நாளில் சாகும்.

பி.டி.யில் ஒரே ரகத்தையும் தொடர்ந்து அடிக்காதீர்கள். ஹவாயில் கோஸைத் தின்னும் வைர முதுகு அந்துப்பூச்சி பி.டி.க்கே பழகிவிட்டதை 1990இல் பதிவு செய்தார்கள். குர்ஸ்டாகி ரகத்தை ஐசாவாய் ரகத்தோடு மாற்றி மாற்றி அடியுங்கள்.

டிரம்மில் மிச்சமிருப்பதை ஓடையில் கொட்ட வேண்டாம். கிணற்றுக்கும் பாத்திக்கும் தள்ளிக் குழி தோண்டி ஊற்றி, மண் போட்டு மூடுங்கள்.