போர் போட இடம் பார்க்க கிராவிட்டி சர்வே உதவுமா?

கடையம் பக்கம் இரண்டு ஏக்கர், இரண்டு போரும் வறண்டுவிட்டது, கிராவிட்டி சர்வேயில் நீரோட்டம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது போருக்குக் கடன் வாங்கும் நிலையில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் முதலிலேயே சொல்கிறேன்: தெரியாது.

கிராவிட்டி சர்வே என்பது இடத்துக்கு இடம் புவியீர்ப்பு எவ்வளவு கூடிக் குறைகிறது என்று ஒரு கருவியால் அளப்பது. அந்தக் கருவி தண்ணீரை அறியாது, அடியிலுள்ள அடர்த்தி வித்தியாசத்தை மட்டுமே அறியும். 15 மீட்டரிலிருந்து 60 மீட்டர் வரை இறங்கும் ஒரு மீட்டர் அகல வெடிப்பு, சுற்றுப் பாறையைவிட அடர்த்தி கன செ.மீ.க்கு 0.5 கிராம் குறைவு என்று வைத்தால், ஈர்ப்பில் கிடைக்கும் வித்தியாசம் 0.009 மில்லிகால். ஒரு மில்லிகால் என்பதே புவியீர்ப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். தரைமட்டத்தை 5 செ.மீ. தப்பாக அளந்தாலே 0.01 மில்லிகால் பிழை வந்துவிடும்.

கெட்டிப் பாறைக்கு மேலே இளகிக் கிடக்கும் சிதைந்த பாறையின் கனம் (தடிமன்) தெரிய வேண்டுமென்றால் இந்த சர்வே எடுக்கலாம். 20 மீட்டர் கனமாக அகலப் பரவியிருந்தால் சுமார் 0.4 மில்லிகால் குறையும். ஆனால் உயரத்தை ஆட்டோ லெவல் (தரைமட்டம் அளக்கும் கருவி) வைத்துத்தான் எடுக்க வேண்டும். மொபைல் ஜிபிஎஸ் 3 மீட்டர் தப்பினால் 0.6 மில்லிகால் பிழை, தேடியதையே அது விழுங்கிவிடும். மணிக்கொரு முறை தொடங்கிய இடத்துக்கே திரும்பி அளந்தால்தான் கருவியின் எண் தானாகவே மெல்ல நகர்வதைக் கழிக்க முடியும். சூரிய சந்திர இழுவையைத் தனியாகக் கணக்கிட்டு நீக்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் முக்காலி நடுங்கும், எண் நிற்காது. விடியற்காலையில் காற்றுக்கு மறைப்புக் கட்டி, ஒரே இடத்தில் மூன்று முறை எடுங்கள்.

உங்கள் ஊரில் பெரிய சிக்கல் மேற்குத் தொடர்ச்சி மலைதான். நிற்கும் இடத்தைவிட உயர்ந்த மலை மேல்நோக்கி இழுப்பதால், மேற்கே போகப் போக எண் குறையும். மலை, பள்ளத்தின் இழுவையைக் கணக்கிட்டுச் சரிசெய்யும் நிலவடிவத் திருத்தம் போடாவிட்டால், மலையடிவாரத்தில் சிதைந்த பாறை தடித்துக் கிடப்பதுபோலவே வரைபடம் காட்டும். அதை நம்பி அங்கே போய்த் துளை போட்டுவிடாதீர்கள்.

ஈர்ப்பு ஆய்வே வீண் என்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அச்சன்கோவில் பிளவு மண்டலம் போன்ற பெரிய அமைப்புக்கும், கடலோரப் படிவின் கனத்துக்கும் அது அருமையான முறை. இரண்டு ஏக்கருக்குள் வெடிப்பு தேட, தரைக்குள் மின்சாரம் செலுத்தி அளக்கும் மின்தடை ஆய்வு போதும், செலவும் குறைவு.

அதற்கு முன் அக்கம்பக்கத்துப் போர் பில்களைக் கேட்டு வாங்குங்கள். கேசிங் குழாய் எத்தனை அடி இறங்கியது என்பதே சிதைந்த பாறையின் கனத்தை ஏறக்குறையச் சொல்லிவிடும். எத்தனையாவது அடியில் பாறை மாறியது, எங்கே ஈரம் வந்தது என்று மட்டும் எந்த பில்லிலும் இருக்காது. இவ்வளவு பணம் கொட்டித் தோண்டும் துளைக்கு ஒரு துண்டுக் காகிதக் குறிப்புகூட மிஞ்சாதது இந்தப் பகுதி முழுக்க நடக்கும் அநியாயம். உங்கள் ரிக் ஓடும்போதாவது துளைக்கும் கம்பியான ராடு ஒவ்வொன்று இறங்கும்போதும் ஒரு கைப்பிடித் தூளைப் பையில் கட்டி, அடியை எழுதி வையுங்கள்.